கடைசி வரியில் இருந்த எலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது. வந்து 6 வருடமாகிறது. போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, அக்கா உள்ளே போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு நாளிதழில் வெட்டியது. எந்த நாளிதழ் என்று அதில் இல்லை. "நடுக்குவாதத்துக்கு முற்றுப்புள்ளி: பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சாதனை" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. "நீ யுனிவர்சிட்டி லேபிலேயே இருந்தவ. இது எப்போ கைக்கு வரும்னு சொல்லு" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் பத்தியில் சாதனை. இரண்டாவதில் துறைத் தலைவரின் மகிழ்ச்சி. மூன்றாவதில் நோயைப் பற்றி நாலு வரி. கடைசிப் பத்தியின் கடைசி வரியில், "இந்த ஆய்வு எலிகளிடம் மேற்கொள்ளப்பட்டது" என்று இருந்தது. அவர் அந்தத் தாளைப் பிரித்து மடித்துப் பிரித்து மடித்து, மடிப்பு விழும் இடத்தில் அந்த வரி பாதி தேய்ந்திருந்தது. அவர் அதைப் படித்தாரா, படித்தும் விட்டுவிட்டாரா, தெரியவில்லை. "கொஞ்ச நாள் ஆகும் அத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யை எழுதிச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் 31 வருடம் ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி மீடியா ரூமில். மீடியா என்றால் பத்திரிகை அல்ல. கிருமிகளை வளர்ப்பதற்கான உணவுக் கலவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆராய்ச்சி மாணவர்கள் என்னை 'அக்கா' என்றார்கள். போகும்போது 'அம்மா' என்றார்கள். வேலை மட்டும் மாறவே இல்லை.

காலையில் பொடியை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, அதை இறுகவைக்கும் அகர் என்ற கடற்பாசிப் பொருளைச் சேர்த்து, கூஜா கூஜாவாக ஆட்டோகிளேவில், அதாவது கிருமியைக் கொல்லும் நீராவிக் குக்கரில், ஏற்றுவோம். 121 டிகிரி, 15 நிமிடம். வெளியே எடுத்ததும் ஊற்றிவிட முடியாது. சூடாக ஊற்றினால் தட்டின் மூடியில் ஆவி படிந்து, துளி துளியாகக் கீழே விழுந்து, நாளைக்கு வளரப்போகும் கிருமிக் கூட்டங்களை ஒன்றோடொன்று கலக்கிவிடும். ரொம்ப ஆறினால் கூஜாவுக்குள்ளேயே கட்டியாகிவிடும். சுமார் 50 டிகிரியில் ஊற்ற வேண்டும். தெர்மாமீட்டர் இருக்கிறது, இருந்தாலும் கூஜாவை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரியும். சுடும், ஆனால் தாங்கும்: அதுதான் பதம். ஒரு நாளில் 200, 300 பிளேட் ஊற்றியிருக்கிறேன். ஊற்றி, இறுகவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து அடுக்க வேண்டும். கவிழ்க்காமல் அடுக்கிய புதுப் பையன்களை நான் திட்டிய திட்டு அவர்களில் சிலருக்கு இன்றும் நினைவிருக்கும். இப்போது அவர்கள் பேராசிரியர்கள்.

இந்த அகருக்கே ஒரு கதை உண்டு. 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டினில்தான் வளர்த்தார்கள். வெயில் ஏறினால் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ் என்பவர் இதை வீட்டில் புலம்ப, அவர் மனைவி ஃபேனி, ஜெல்லி செய்யத் தான் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டார்கள். நின்றது. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டதாகக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் பற்றி ஒரு வரி வருகிறது. அந்தம்மா பெயர் வரவில்லை. இதை எனக்குச் சொன்னவர் ஒரு பேராசிரியை. அன்றிலிருந்து மீடியா ரூமின் மூலவர் ஃபேனி ஹெஸ்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய நோய்களுக்குப் பல்கலைக்கழகங்கள் எப்படி விடை தேடுகின்றன என்று பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொள்பவர்களுக்கு, ஒருநாள் காலையில் யாரோ ஒருவர் எழுந்து எதையோ கண்டுபிடித்தார் என்ற எண்ணம்தான் வரும். நான் பார்த்தது வேறு. எங்கள் துறையில் ஒரு மாணவிக்கு ஏழு வாரம் எதுவுமே சரிவரவில்லை. ஒன்றும் போடாத, ஒன்றும் வளரக்கூடாத கன்ட்ரோல் பிளேட்டில் ஏதோ வளர்ந்துகொண்டே இருந்தது. அவள் கையைச் சந்தேகப்பட்டோம், காற்றை, கையுறையை, கடைசியில் என் ஆட்டோகிளேவையே சந்தேகப்பட்டோம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். கடைசியில் பார்த்தால், கூஜாக்களை ஆறவைக்கும் வெந்நீர்த் தொட்டிதான். அந்தத் தண்ணீரை மாற்றி நாளாகியிருந்தது. கூஜாவை வெளியே தூக்கும்போது கழுத்தில் ஒட்டிய ஈரம், ஊற்றும்போது பிளேட்டில் சொட்டியிருக்கிறது. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றினேன், ஒவ்வொரு கூஜாவையும் ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஊற்றினேன். அந்த மாணவியின் ஆய்வேட்டில் இந்த ஏழு வாரம் இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் அந்த ஏழு வாரத்தில் அவள் கற்றுக்கொண்டதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன். தன் முடிவையே முதலில் சந்தேகப்படுவது.

பிளேட் விஷயத்தில் என்னைத் தூங்கவிடாத இன்னொரு கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பல்கலைக்கழக மாணவர்கள் பயிற்சி பெறும் ஒரு மருத்துவமனையில், ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979-ல் வயிற்றுத் திசுக்களில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி எப்படி வாழும் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். நோயாளி மாற்றி நோயாளியாக 30-க்கு மேற்பட்டவர்களின் திசுவை எடுத்துப் பிளேட்டில் போட்டுப் பார்த்தார்கள்; ஒன்றும் வளரவில்லை. வழக்கம்போல 48 மணி நேரத்தில் வளராத பிளேட்டை ஆய்வகத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் வராததால் சில பிளேட்டுகள் அப்படியே இன்குபேட்டரில் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது. அந்தக் கிருமிக்கு இரண்டு நாள் போதாது, அவ்வளவுதான் விஷயம். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியது மாறி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும் என்று ஆனது. 2005-ல் இருவருக்கும் நோபல்.

நானும் 48 மணி நேரம் கழித்துத்தான் பிளேட்டைக் குப்பைக்கு அனுப்பினேன், 31 வருடமாக. எதைத் தூக்கிப் போட்டேனோ.

பல்கலைக்கழகம் என்ற இடத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அங்கே ஒருவர் எதற்கும் உதவாது என்று தோன்றுவதைப் பல வருடம் நோண்டிக்கொண்டிருக்க முடியும். எங்கள் துறையிலேயே ஒருவர் குட்டைத் தண்ணீர் பாசியைப் பார்த்தபடியே ஓய்வு பெற்றார். அவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ப்ராக், 1960-களில் அந்நாட்டின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் என்ன உயிர் வாழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நோய், மருந்து எதுவும் அவர் மனதில் இல்லை. 1966-ல் சுமார் 70 டிகிரி சூட்டில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவை அவரும், அப்போது இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஹட்சன் ஃப்ரீஸும் எடுத்து வளர்த்தார்கள். அதற்கு 1969-ல் வைத்த பெயர் தெர்மஸ் அக்குவாட்டிகஸ். அந்தக் கிருமியின் ஒரு நொதி, கொதிநிலைக்குப் பக்கமாகச் சூடாக்கினாலும் கெடாது. 1980-களில் மரபணுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பிரதியெடுக்கும் பிசிஆர் முறை வந்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் சூடாக்க வேண்டியிருந்தது. பிரதியெடுக்கும் சாதாரண நொதி ஒவ்வொரு முறையும் செத்துவிடும். வெந்நீர் ஊற்றுக் கிருமியின் நொதி சாகவில்லை. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைக்கு அடிப்படை இந்த முறைதான். 1966-ல் ப்ராக்கிடம் ஒரு நிருபர் போய், "இதனால் மக்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

கொரோனா என்றதும் இன்னொன்று. பத்தே மாதத்தில் எப்படித் தடுப்பூசி வந்தது, அவசரத்தில் செய்தது, நம்பலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பத்து மாதம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டலின் கரிக்கோ என்ற ஹங்கேரிப் பெண்மணி, 1990-களிலிருந்து எம்ஆர்என்ஏவை, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறை, மருந்தாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தடுப்பூசிகளில் சிலவற்றுக்கு அடிப்படை அதுதான். நிதி கிடைக்கவில்லை, 1995-ல் பதவியையும் குறைத்தார்கள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பேசிப் பழக்கமான ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். வெளியிலிருந்து போகும் எம்ஆர்என்ஏவைக் கண்டால் உடம்பு எதிரி வந்ததுபோல் கூச்சல் போடும். அதிலுள்ள ஓர் எழுத்தை, யூரிடினை, கொஞ்சம் மாற்றிவைத்தால் கூச்சல் அடங்குகிறது என்று 2005-ல் எழுதினார்கள். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2023-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின. 2005-ல் எழுதவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன், அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் 2020-லாவது, "இதற்குப் பின்னால் 30 வருடம் இருக்கிறது" என்று தலைப்பிலேயே ஒரு வரி வந்திருந்தால், ஊசி போட்டுக்கொள்ளப் பயந்தவர்களில் சிலருக்காவது பயம் போயிருக்கும். அவசரத்தில் முளைத்தது என்று நினைத்ததால்தான் பயந்தார்கள்.

இப்போது எலிக்கு வருகிறேன். எலியை நான் கேவலமாகப் பேசவில்லை. 1940 மே 25, சனிக்கிழமை, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்டு எலிகளுக்குக் கொல்லும் கிருமியை ஏற்றினார்கள். நாலுக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், நாலுக்குக் கொடுக்கவில்லை. நார்மன் ஹீட்லி என்பவர் விடியற்காலை வரை கூடவே உட்கார்ந்து பார்த்தார். மருந்து பெறாத நாலும் செத்தன. பெற்ற நாலும் பிழைத்தன. அப்போதே, "கிருமிகளுக்கு முற்றுப்புள்ளி" என்று ஒரு தலைப்புப் போட்டிருக்கலாம்.

ஆனால் ஒரு மனிதனுக்கு எலியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மருந்து வேண்டும். போர்க்காலம், கண்ணாடிப் பாத்திரம் கிடைக்காது. படுக்கை நோயாளிகளின் மலத்தட்டிலும் பிஸ்கட் டின்னிலும் பெனிசிலின் தரும் பூஞ்சையை வளர்த்தார்கள். அப்புறம் அந்த மலத்தட்டின் அமைப்பைப் பார்த்தே ஹீட்லி பீங்கானில் பாத்திரம் செய்வித்தார். இளம்பெண்களை வேலைக்கு வைத்துப் பூஞ்சைத் தண்ணீர் எடுத்தார்கள். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முதன்முதலாகச் சிகிச்சை தொடங்கியது. முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணும் போயிருந்தது. மருந்து ஏற்றியதும் தேறினார். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அப்படியும் தீர்ந்துவிட்டது. நோய் திரும்பியது, மார்ச் 15-ல் இறந்தார். போதுமான அளவு மருந்து வர இன்னும் மூன்று வருடம், இரண்டு நாட்டு அரசுகள், பல தொழிற்சாலைகள் தேவைப்பட்டன. 1945-ல் நோபல் வாங்கியவர்கள் மூவர். ஹீட்லி அதில் இல்லை. 1990-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எங்கள் ஜாதி ஆள் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன்: பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்பவர்.

இது ஜெயித்த கதை. ஜெயிக்காததுதான் அதிகம். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த மருந்துகளிலேயே 10-ல் சுமார் 9 கடைக்கு வருவதில்லை. எலியோடு நின்றுபோவது எத்தனையோ. நடுக்குவாதத்தில் இது இன்னும் சிக்கல். எலிக்குத் தானாக நடுக்குவாதம் வருவதில்லை. பெரும்பாலும் ஒரு நச்சை ஊசியில் ஏற்றி, மூளையில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைச் சாகடித்து, சில நாளில் அதுபோன்ற ஒரு நிலையை உண்டாக்குகிறார்கள். என் அத்தானுக்கு அது வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே நடந்திருக்கிறது. கை நடுங்க ஆரம்பித்தபோதே அந்தச் செல்களில் கணிசமான பங்கு போயிருக்கும். ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதி. எலியின் நிலையைச் சரிசெய்தவர்கள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் "முற்றுப்புள்ளி" அவர்கள் வைத்ததல்ல. தலைப்பு எழுதியவர் வைத்தது. அல்லது, அந்தப் பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலகமே அப்படி எழுதி அனுப்பியதோ என்னவோ. அந்த ஆட்களையும் எனக்குத் தெரியும். எங்கள் லேபுக்கு வந்து, "மேடம், கேன்சர்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கலாமா?" என்று கேட்டவர்கள்தான்.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது, அது அந்தத் துண்டில் இல்லை. 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்விட் கார்ல்சன், ஒரு மருந்தைக் கொடுத்து முயல்களை அசைய முடியாமல் செய்தார். காதுகூடத் தொங்கிக் கிடந்தது. பிறகு, உடம்புக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபாவை ஏற்றினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடந்தன. மூளையில் டோபமைன் தனியாக ஒரு வேலை செய்கிறது என்று அவர் சொன்னதைப் பெரிய ஆட்களே முதலில் ஏற்கவில்லை. 1960-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் ஹோர்னிக்கேவிச்சும் எரிங்கரும், நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையை எடுத்து அளந்து பார்த்தார்கள்; குறிப்பிட்ட பகுதிகளில் டோபமைன் மிகக் குறைவாக இருந்தது. அடுத்த வருடமே அங்கே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார்கள். எழ முடியாதவர்கள் எழுந்தார்கள், ஆனால் கொஞ்ச நேரம்தான். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய்வழியாக, சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தால் பலன் நிற்கிறது என்று காட்டினார். அதற்கப்புறம்தான் மாத்திரை. அத்தான் தினமும் நாலு வேளை போடுகிறாரே, அதிலிருப்பது அந்த லெவோடோபாதான். முயலிலிருந்து மாத்திரைக்கு 10 வருடத்துக்கு மேல். அதற்குப் பிறகு 50 வருடத்துக்கு மேலாகியும் அதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை. நோயை அது நிறுத்துவதில்லை. ஆனால் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார் என்றால் அந்த முயல்களால்தான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை யாராவது முழுதாக எழுதியிருந்தால் அவர் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். ஏமாற மாட்டார், நம்பிக்கையும் போகாது.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தலைப்பில் ஒரே ஒரு சொல் சேருங்கள். தட்டில் நடந்ததா, எலியிலா, மனிதரிடமா? "எலிகளில் நடுக்குவாதம் கட்டுப்பட்டது" என்று போட்டால் விற்பனை குறைந்துவிடுமா? எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் என்றால் எத்தனை பேர் என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். 12 பேரிடம் பார்த்ததற்கும் 12,000 பேரிடம் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் எந்த வாசகருக்கும் புரியும், சொன்னால்தானே?

அப்புறம், வேலை செய்யாததையும் எழுதுங்கள். 2020-ல் கொரோனா நோயாளிகளிடம் ஆக்ஸ்ஃபோர்டு நடத்திய ரெக்கவரி என்ற பெரிய சோதனையில் ஜூன் மாதம் இரண்டு செய்தி வந்தது. ஒன்று, ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்தால் பலனில்லை. இன்னொன்று, ஜூன் 16-ல், பல காலமாகப் புழக்கத்திலிருக்கும், மலிவான டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2,104 பேருக்கு அதைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்போலக் கணினிதான் தீர்மானித்தது. டாக்டரின் விருப்பம் அதில் நுழையவில்லை. அதில் இன்னொன்றும் தெரிந்தது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலனில்லை. இந்த மூன்றாவது விஷயத்தை எத்தனை பேர் படித்தார்கள்? வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்கள்கூட அந்த மாத்திரையை வாங்கி விழுங்கினார்கள். "யாருக்கு வேண்டாம்" என்பதும் கண்டுபிடிப்புத்தான். சொல்லப்போனால் அன்றைக்கு அதுதான் அவசரச் செய்தி.

எங்கள் துறையில் ஒரு பையன் நாலரை வருடம் ஒரு செடியின் சாற்றை வைத்துக்கொண்டு போராடினான். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியை அது அடக்கும் என்று முதலில் தெரிந்தது. திரும்பச் செய்தான், அடங்கவில்லை. ஆறு விதமாகச் செய்தான், அடங்கவில்லை. முதல் தடவை கிடைத்தது சாற்றின் வேலையே இல்லை, அதைக் கரைக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலின் வேலை என்று அவனே கண்டுபிடித்தான். நான் ஊற்றிக் கொடுத்த பிளேட் மட்டும் இரண்டாயிரத்துக்குக் குறையாது. பட்டம் வந்தது. ஆனால் எந்த ஆய்விதழும் அந்தக் கட்டுரையை எடுக்கவில்லை. பலனில்லை என்பதை யார் படிப்பார்கள் என்று ஓர் இதழிலிருந்து பதில் வந்தது. அதனால் இன்று வேறு எங்கோ ஒரு பையன் அதே சாற்றை அதே ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டிருக்கலாம். அவன் லேபில் பிளேட் ஊற்றும் அம்மாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கடைசியாக ஓர் அழைப்பு. உங்கள் நிருபர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவது பட்டமளிப்புக்கும், ஒப்பந்தக் கையெழுத்துக்கும், யாருக்காவது விருது வந்தாலும்தான். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவரை அனுப்புங்கள், எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி. பூங்கொத்து இருக்காது, டீ கிடைத்தால் அதிர்ஷ்டம். மைனஸ் 80 ஃப்ரீசரில் பெட்டி பெட்டியாக மாதிரிகளை அடுக்கிவைத்து, மின்சாரம் போனால் ராத்திரியில் ஓடிவருகிற ஒருவரைப் பார்க்கலாம். ஒரே கணக்கை மூன்றாவது முறை போடுகிற பெண்ணைப் பார்க்கலாம். அவரிடம், "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "இந்த வாரம் எது தப்பாகப் போனது?" என்று கேளுங்கள். பேச்சு நிற்காது.

கடிதத்தைப் போட்டால் பெயர் வேண்டாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்,
நுண்ணுயிரியல் துறை.

பி.கு.: உங்கள் அறிவியல் பக்கத்தில் அடிக்கடி ஒரே படம் வருகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், மூடியைத் திறந்த பிளேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரிப்பார். பின்னால் நீல நிறத் திரவம் மின்னும். 31 வருடத்தில் அப்படி நீலமாக மின்னும் எதையும் நான் பார்த்ததில்லை. திறந்த பிளேட்டின் மேல் அப்படி மூச்சு விட்டால் மறுநாள் அதில் அவருடைய வாய்க்கிருமிதான் வளரும். தயவுசெய்து படத்தை மாற்றுங்கள்.